மகவேற்புச் சட்டமும் மலையகத்து வறுமையும்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலே அமைந்துள்ளது மடுல்கெல்ல. முன்னர்க் கோப்பி விளைந்த இப்பகுதி, 1869ஆம் ஆண்டில் இலங்கையிலே தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் லயத்து அறைகளில் வாழ்ந்தன. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் மகவைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வாள். அத்தாய்க்குத் தன் பிள்ளைமீது சட்டம் வழங்கிய உரிமை யாது, அது அவள் கையை விட்டு அகலும் வழி யாது என்பன ஆராயத்தக்கன.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம் மகவேற்பை அறியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை அதனை அறியும். ஆங்கே உற்றாரின் இசைவும் மஞ்சள் நீர் பருகுஞ் சடங்கும் வேண்டப்பட்டன. கண்டிச் சிங்களவரின் வழமைச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. தோட்டத் தமிழர்க்கோ இவ்விரண்டும் உரியனவல்ல. உற்றார் கூடியிருந்து சாட்சி கூறும் முறையின்றி, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஒன்றே அவர்களுக்கு வழியாயிற்று.

அச்சட்டம் கொடியதன்று. 1926ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய அது, வறுமையை ஒரு காரணமாக எங்கும் கூறவில்லை. பெற்றோர் இசைய வேண்டும்; தம் உரிமை நிரந்தரமாக நீங்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும்; பணம் கைமாறியிருத்தல் ஆகாது. பிள்ளையைக் கைவிட்டவர், தேடியும் காணப்படாதவர் முதலியோரின் இசைவை நீதிபதி தவிர்க்கலாம். எனினும், எழுத்தறியாத தாய் தனக்குப் புரியாத மொழியில் எழுதிய பத்திரத்திற் பெருவிரல் பதிப்பதும் இசைவே. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்ட காலத்தில், கடல் கடந்த தந்தை 'காணப்படாதவர்' ஆதல் எளிது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984இலேயே கிடைத்தது. அதுவரை அவள் பெற்றதோ குறைந்த கூலி. அதையும் பல தோட்டங்களிற் கணவனே சென்று வாங்கினான். தன் கூலியைத் தன் கையால் வாங்காதவளிடம், தன் பிள்ளையைக் கொடுக்கும் இசைவை மட்டும் சட்டம் கேட்டது! பிள்ளையைத் தானே வளர்க்க அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கடமையை அது எவர்க்கும் விதிக்கவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிற் பல உயிர்களைக் கொண்டது. அப்பதிற்றாண்டிலும் அடுத்ததிலும் இலங்கையின் பல பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 11,000 குழந்தைகள் மகவேற்பின் வழி ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றனர் என்பர். சுவிற்சர்லாந்து மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 இலங்கைக் குழந்தைகளுக்கு அனுமதி வழங்கிற்று. தரகர் தோன்றினர், பணம் கைமாறிற்று. உண்மைத் தாய்க்குப் பதிலாக வேறொருத்தி வந்து தாயென ஒப்பமிட்ட நிகழ்ச்சிகளும் பின்னர் வெளிவந்தன. நேரில் தோன்றுவதையே சான்றாகக் கொண்ட முறை, நேரில் தோன்றியவள் யார் என்பதை ஆராயாது விட்டது.

1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பிறநாட்டார் மகவேற்பை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளரின் கண்காணிப்பிற் கொணர்ந்தது. 1995இல் இலங்கை ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. 2020இல் சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சிப் பேரவை தன் நாட்டு அதிகாரிகளின் தவறுகளுக்கு வருந்தியது. அன்று சென்ற குழந்தைகளுள் வளர்ந்து பெரியவராகிய பலர் இன்று தாயைத் தேடி இலங்கைக்கு வருகின்றனர். அவர்களுட் சிலர் கையிலுள்ள பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரும் முகவரியும் உள்ளன. அம்முகவரியிற் சென்று கேட்டால், அப்பெயருடையாள் எவளும் அங்கு வாழ்ந்ததில்லை என்கின்றனர்.