கதை எங்கே பிறக்கிறது?



"கதை எழுதறவங்களுக்கு அது எங்கேயிருந்து கிடைக்குது?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நம்முடையதைப் போன்ற ஒரு தேயிலை மலையே அதற்குப் பதில் சொல்கிறது.

1940-களில் தமிழ்நாட்டின் வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர் பி. எச். டேனியல். கங்காணி ஆசை காட்டி அழைத்து வந்தது, கடனில் சிக்கியது, நோயில் மடிந்தது என மூத்த தொழிலாளர்கள் பட்ட பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார். அதுவே 1969-இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாயிற்று. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' படத்துக்கும் அதுவே மூலம்.

பார்த்தீர்களா! கதை வானத்திலிருந்து குதிக்கவில்லை. லயத்து வாசலில் பிறந்தது. கோலா தெர்லாவில் கொழுந்தெடுத்த தாத்தா பாட்டியிடமும் கதை உண்டு. மாணவர்களே, இன்றே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்க ஆள் இருக்கும். சொல்லத்தான் ஆள் இருக்காது.