குழந்தை விடுதியின் கணக்கேடும் ஹாண்டலின் மேசியாவும்

சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வித்வான்களின் வாழ்க்கையையும், பிரபுக்களின் ஆதரவையும், அரங்குகளின் ஆரவாரத்தையுமே ஆதாரமாகக் கொண்டு எழுதிப் போயிருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய சங்கீதத்தின் மகத்தான சிருஷ்டிகளுள் ஒன்றான ஹாண்டலின் ‘மேசியா’ என்னும் ஓரட்டோரியோ, அதை இயற்றியவருடைய காலத்தில் எப்படி ஒலித்ததோ ஏறக்குறைய அப்படியே இன்று நமக்கும் கேட்கக் கிடைக்கிறதென்றால், அதற்குப் பெரிதும் துணை நின்றது, தாயாரால் வளர்க்க முடியாமற்போன சிசுக்களை எடுத்து வளர்த்த லண்டன் தர்ம ஸ்தாபனம் ஒன்றின் செலவுக் கணக்கேயாகும்.

ரோமாபுரியில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலிப் நேரி என்ற பாதிரியார் சாமானிய ஜனங்களைத் தம் ஜெபக்கூடத்தில் கூட்டி, வேத வாசகம் படித்து, எளிய முறையில் உபதேசம் செய்து, இடையிடையே அவர்களுடைய தாய்மொழியிலேயே பக்திப் பாடல்களைப் பாடுவித்து வந்தார். அந்தக் கூட்டங்களிலிருந்து கிளைத்து வளர்ந்ததே ஓரட்டோரியோ. வேதாகமக் கதையொன்றைத் தனிப்பாடகரும் கோஷ்டியும் வாத்தியங்களோடு பாடிக் காட்டுவது அது; காரிஸ்ஸிமி போன்ற இசையமைப்பாளர்கள் கையில் உருப்பெற்று நிலைத்தபோது வேஷமும் திரையும் அரங்க நடிப்பும் அதற்கு வேண்டாதவையாயின. ஜெர்மனியில் ஹாலே நகரில் 1685-இல் பிறந்து, இருபது வயது கடந்ததும் இத்தாலிக்குப் போன ஜார்ஜ் பிரெடரிக் ஹாண்டல், இந்தக் கலையை அதன் ஜன்ம பூமியிலேயே பயின்றார். 1708-இல் அவர் ரோமாபுரியில் அரங்கேற்றிய ‘உயிர்த்தெழுதல்’ என்னும் ஓரட்டோரியோவுக்கு வாத்திய கோஷ்டியை முன்னின்று நடத்தியவர் வயலின் மேதை கொரெல்லி. பெண்ணொருத்தி அதில் பாடினாள் என்பதற்காகப் போப்பாண்டவரின் கண்டனம் வந்தது என்பதும், மறுநாள் அவளிடத்தில் வேறொருவரை நிறுத்தவேண்டி வந்தது என்பதும் அக்காலத்துக் கட்டுப்பாடுகளை விளக்கும் செய்திகள்.

பிறகு லண்டனுக்கு வந்து, முப்பது ஆண்டுக்காலம் இத்தாலிய ஓபெராக்களை எழுதியும் நடத்தியும், புகழையும் நஷ்டத்தையும் மாறி மாறிக் கண்டவர் ஹாண்டல். 1732-இல் ‘எஸ்தர்’ என்னும் வேதாகமக் கதையை நாடகமாக மேடையேற்றும் யோசனை எழுந்தபோது, அரண்மனைத் தேவாலயத்துச் சிறுவர்கள் நாடக மேடையில் நடிக்கலாகாது என்று லண்டன் பேராயர் தடுத்துவிட்டார். நடிப்பை அறவே நீக்கி, பாடகர்கள் நின்ற இடத்தில் நின்று பாடும் வகையில் ஹாண்டல் அதை அளித்தார். ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். பேராயரின் தடையிலிருந்து ஆங்கில ஓரட்டோரியோ பிறந்தது என்றே சொல்லலாம். 1741-இல் அவருடைய கடைசி ஓபெரா மூன்றே தடவை நடந்து நின்றுபோயிற்று. அதன் பின்னர் அவர் அத்துறைக்குத் திரும்பவேயில்லை.

அந்த ஆண்டுக் கோடையில் சார்லஸ் ஜென்னன்ஸ் என்ற செல்வந்தர், வேதாகம வாக்கியங்களை மட்டுமே தேர்ந்து கோத்து, கிறிஸ்துவின் வருகையைப் பற்றிய தீர்க்கதரிசனம், பாடுகள், உயிர்த்தெழுதல், இறுதி நாளின் நம்பிக்கை என்று மூன்று பகுதிகளாக அமைத்த சாகித்தியத்தை ஹாண்டலிடம் கொடுத்திருந்தார். ஆகஸ்டு 22-இல் தொடங்கி செப்டம்பர் 14-இல் முடிய, 24 நாட்களில், புரூக் தெருவிலிருந்த தம் வீட்டில் அமர்ந்து ஹாண்டல் அதற்கு முழுமையும் இசை அமைத்து முடித்தார். இந்த வேகத்தைத் தெய்வாவேசம் என்று பலர் வர்ணித்திருக்கிறார்கள். அவ்வளவு விரைவு அவருக்குப் பழக்கமே என்பதையும், அதே இலையுதிர் காலத்தில் ‘சாம்சன்’ என்னும் அடுத்த ஓரட்டோரியோவின் வேலையில் அவர் இறங்கிவிட்டார் என்பதையும் நினைக்கும்போது, வாழ்நாள் முழுதும் செய்த சாதகம் ஒரு மாதத்திற்குள் திரண்டு வந்து நின்றது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அயர்லாந்தின் அரச பிரதிநிதியாயிருந்த டெவன்ஷயர் பிரபுவின் அழைப்பின்பேரில் நவம்பர் மாதம் டப்ளின் நகரம் சேர்ந்த ஹாண்டல், அவ்வாண்டுதான் திறக்கப்பட்டிருந்த பிஷாம்பிள் தெரு சங்கீதக் கூடத்தில் குளிர்காலம் முழுவதும் கச்சேரிகள் நடத்தி, அந்நகரத்தாரின் அன்பைச் சம்பாதித்துக்கொண்ட பிறகே மேசியாவை வெளியிட்டார். கோஷ்டிக்கு வேண்டிய பாடகர்கள் அவ்வூரின் இரண்டு பேராலயங்களிலிருந்து வரவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றான செயின்ட் பாட்ரிக் ஆலயத்தின் தலைவர், ‘கல்லிவரின் யாத்திரை’ எழுதிய ஜோனதன் ஸ்விப்ட். முதுமையும் நோயும் அறிவைக் கலக்கத் தொடங்கியிருந்த அந்த நாட்களில் அவர் தம் பாடகர்கள் வெளிக் கச்சேரிகளில் கலந்துகொள்ளக் கூடாதென்று கடுமையாக ஓர் உத்தரவு பிறப்பித்தார். பின்பு எவ்வாறோ மனம் இளகி அனுமதி கிடைத்தது. தனிப்பாடகியருள் ஒருவரான சுசன்னா சிப்பர், கணவர் தொடுத்த வழக்கினால் லண்டனில் பெயர் கெட்டு ஒதுங்கியிருந்த நடிகை. அவருடைய சாரீரம் பெரிதன்று. ஆனால் பாவம் ததும்பப் பாடக்கூடியவர். மனிதரால் வெறுக்கப்பட்டுப் புறக்கணிக்கப்பட்டவரைப் பற்றிய பாடலை அவர் பாடியதைக் கேட்ட பாதிரியார் ஒருவர், அவருடைய பாவங்களெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்று இருந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொன்னதாக வரலாறு.

1742 ஏப்ரல் 13, நண்பகல். இடம் போதாதென்று முன்கூட்டியே உணர்ந்து, பெண்மணிகள் பாவாடைக்குள் அகன்ற வளையம் வைத்து வரவேண்டாம் என்றும், கனவான்கள் வாள் அணிந்து வரவேண்டாம் என்றும் பத்திரிகைகளில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் சுமார் 700 பேர் அந்தக் கூடத்தில் நெருங்கி அமர முடிந்தது. பாடகர்களோ இரண்டு ஆலயத்துச் சிறுவரும் பெரியவருமாக முப்பது பேரளவில் இருந்தார்கள். வாத்தியங்களும் நரம்புக் கருவிகள், இரண்டு டிரம்பெட், முரசு, இவற்றோடு விசைப்பலகைக் கருவிகள் என்ற அளவில் அடக்கமானவையே. வசூலான ஏறக்குறைய 400 பவுனை மூன்று சம பங்காக்கி, இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும், கடன் தீர்க்க மாட்டாமல் சிறையில் கிடந்தவர்களின் விமோசனத்துக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பங்கும் சுமார் 127 பவுன். அந்தப் பணத்தால் சிறைமீண்டவர்கள் 142 பேர் என்று கணக்குண்டு. பிறந்த நாளன்றே இத்தனை குடும்பங்களில் விளக்கேற்றிய சங்கீதம் உலகில் வேறு உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

லண்டன் அப்படி வரவேற்கவில்லை. 1743 மார்ச்சில் கோவன்ட் கார்டன் நாடக சாலையில் அது நிகழ்ந்தபோது, வேத வாக்கியத்தை நாடகக்காரர்கள் நாடகக் கொட்டகையில் பாடுவது தகுமா என்ற சர்ச்சை பத்திரிகைகளில் எழுந்தது; அதற்கு அஞ்சிப் போலும், விளம்பரத்தில் மேசியா என்ற பெயரையே போடாமல் புதிய திவ்ய ஓரட்டோரியோ என்று மட்டும் போட்டார்கள். ‘அல்லேலூயா’ கோஷ்டி கானத்தைக் கேட்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார் என்றும், அன்று முதல் சபையோர் எழுந்து நிற்கும் வழக்கம் உண்டாயிற்று என்றும் சொல்லும் கதை மிகப் பிரசித்தம். ஆனால் அதற்குச் சமகாலத்தவர் சாட்சி ஒன்றுமில்லை, பல்லாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கடிதமே ஆதாரம். சில தடவைகளோடு மேசியா லண்டனில் ஏறத்தாழ மறக்கப்பட்டது.

அதை மீட்டெடுத்தது தாமஸ் கோரம் என்ற மாலுமியின் கருணை. லண்டன் தெருக்களில் கைக்குழந்தைகள் கிடந்து சாவதைக் கண்டு பொறாத அந்த மனிதர், பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாசல்தோறும் அலைந்து, 1739-இல் அரச சாசனம் பெற்றுப் பவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற குழந்தை விடுதியை நிறுவினார். சிசுவை விட்டுப்போன தாயார், என்றேனும் வந்து அடையாளம் சொல்லி மீட்டுக்கொள்ளலாம் என்ற ஆசையால், துணித் துண்டையோ நாணயத்தையோ அடையாளமாக வைத்துப் போவது அங்கே வழக்கம். அந்த விடுதிக்கு ஓர் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தபோது ஹாண்டல் தாமாக வந்து 1749-இல் ஒரு கச்சேரி நடத்திக் கொடுத்தார். ஆலயத்துக்கு ஆர்கனும் அளித்தார். 1750 மே 1-ஆம் தேதி அங்கே மேசியா நடந்தபோது வந்த கூட்டத்தில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமற்போக, அவர்களுக்காக 15-ஆம் தேதி மறுபடியும் நடத்தவேண்டி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் அந்த ஆலயத்தில் மேசியா ஒலித்தது. அதனால் அக்குழந்தைகளுக்குச் சேர்ந்த தொகை ஏறத்தாழ 7000 பவுன். நாடக சாலையில் நிந்தைக்குள்ளான அதே பாடல்கள் தர்மத்தின் கூரைக்கடியில் பாடப்பட்டபோது ஆட்சேபம் சொல்ல ஒருவருமில்லை.

தர்மப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் அல்லவா? 1754-ஆம் ஆண்டுக் கச்சேரியில் எந்தெந்த வாத்தியக்காரருக்கு, எந்தெந்தப் பாடகருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை விடுதியார் பெயர் பெயராக எழுதிவைத்தார்கள். வயலினும் வயோலாவுமாக 20, செல்லோ 3, டபிள் பாஸ் 2, ஓபோ 4, பசூன் 4, ஹார்ன் 2, டிரம்பெட் 2, முரசு. ஆகக் கூடி 38 பேர். கோஷ்டியில் பாடியவர்கள் 19 பேர். அவர்களுள் உச்ச ஸ்தாயிப் பகுதியைப் பாடியவர்கள் அரண்மனைத் தேவாலயத்துச் சிறுவர் ஆறு பேர். இவர்களைத் தவிரத் தனிப்பாடகர் ஐவர். கண்பார்வையை முற்றும் இழந்துவிட்ட ஹாண்டல், தம் உயிலின் இணைப்பில், மேசியாவின் நல்ல பிரதியொன்றையும் பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் உரிய தனித் தனி ஏடுகளையும் இந்த விடுதிக்கே எழுதிவைத்தார். 1759 ஏப்ரல் 6-இல் கோவன்ட் கார்டனில் மேசியாவைக் கேட்டதே அவர் கடைசியாகக் கலந்துகொண்ட கச்சேரி. எட்டு நாட்களில் காலமானார்.

அவர் மறைந்த பிறகு பக்தி பெருகிற்று. பக்தியோடு கோஷ்டியும் பெருகிற்று. 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் நினைவாகப் பாடியவரும் வாசித்தவரும் ஐந்நூற்றுக்கு மேல். 1789-இல் வியன்னாவில் மோட்ஸார்ட் கிளாரினெட் முதலியவற்றைச் சேர்த்துப் புதிதாக வர்ணம் தீட்டினார். லண்டன் கண்ணாடி மாளிகையில் 1859-இல் நடந்த விழாவிலோ பாடகர்கள் 2765 பேர், வாத்தியக்காரர்கள் 460 பேர். இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. நம் நாட்டுத் தேவாலயங்களுக்கும் வந்துசேர்ந்த சோல்பா என்னும் சுர எழுத்து முறையை ஜான் கர்வென் பரப்பியதும், நோவெல்லோ அச்சகத்தார் மலிவு விலையில் பாடல் ஏடுகளை வெளியிட்டதும் சேர்ந்து, யார்க்‌ஷயர் ஆலைத் தொழிலாளர் மாலை நேரங்களில் கூடி நான்கு குரல் பின்னலைக் கற்றுப் பாடும் நிலையை உண்டாக்கின. பிரபுக்களின் சொத்தாயிருந்த ஒரு வித்தை உழைப்பாளரின் சொத்தாயிற்று; இது சங்கீத சரித்திரத்தில் சாமானிய வெற்றியன்று.

ஆயினும் ஒன்று பறிபோயிற்று. பாலன் பிறந்த நற்செய்தியைச் சொல்லும் கோஷ்டி கானத்தையும் அதுபோன்ற வேறு சிலவற்றையும் ஹாண்டல் புதிதாகக் கற்பனை செய்யவில்லை; 1741 ஜூலையில், இரண்டு குரல்களுக்காகத் தாம் எழுதிய இத்தாலியக் காதல் பாடல்களிலிருந்தே எடுத்து விரித்தார். காதலரின் ஊடலுக்கு அமைந்த துரித காலப் பிருகாக்கள் அவை. ஒரு குரல் விட்ட இடத்தில் மறு குரல் பற்றிக்கொண்டு, சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே தெறித்து விழவேண்டும். மூவாயிரம் பேர் சேர்ந்து பாடினால் காலம் தாமதிக்கும். பிருகா குழம்பி ஒரே இரைச்சலாகும். கம்பீரம் மிஞ்சும், குதூகலம் மறையும். 1891-இலேயே பெர்னார்ட் ஷா, இந்தப் பெருங்கூட்டம் போதும், திறமை வாய்ந்த இருபது பேரைக் கொண்டு ஒரு தடவையேனும் மேசியாவைப் பாடிக்காட்ட மாட்டார்களா என்று கேட்டு எழுதினார். அந்த விண்ணப்பம் நிறைவேறப் பல்லாண்டுகள் ஆயின.

பழைய வாத்தியங்களைத் தாமே செய்தும் வாசித்தும் காட்டிய ஆர்னால்ட் டால்மெட்ஷ், வியன்னாவில் 1953-இல் பழங்கருவிக் குழுவைத் தொடங்கிய ஹார்னன்கூர்ட் போன்றோர் வழி திறந்தார்கள். 1973-இல் தம் வாத்தியக் குழுவை நிறுவிய கிறிஸ்டபர் ஹாக்வுட், ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் பேராலயச் சிறுவர்களையும் ஆடவர்களையும் சேர்த்துக்கொண்டு, 1754-ஆம் ஆண்டின் வடிவத்தையே பின்பற்றி, மேசியா முழுவதையும் இசைத்தட்டாக 1980-இல் வெளியிட்டார். எத்தனை வயலின், எத்தனை ஓபோ என்ற கேள்விக்கெல்லாம் குழந்தை விடுதியின் கணக்கேடு விடை வைத்திருந்தது. உலோகக் கம்பிக்குப் பதிலாக ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு. வெளிப்புறம் வளைந்த இலகுவான வில். அடைப்பான் ஏதுமின்றி, வாசிப்பவர் உதட்டின் பலத்தாலேயே சுரம் பிடிக்கவேண்டிய நீண்ட டிரம்பெட். எழுதிய கீழ்க் குரலையும் அதன்மேலிட்ட எண்களையும் பார்த்து மற்றதை மனோதர்மமாக நிரப்பும் ஹார்ப்ஸிகார்ட். சுருதியும் தாழ்ந்தது: ஹாண்டலுடையதென்று வழங்கும் சுருதிக் கவை 422.5 அதிர்வு காட்ட, இக்காலத்து வழக்கம் 440. பழங்கருவிக் குழுக்கள் பெரும்பாலும் 415-இல் வைத்துக்கொள்கின்றன. உச்ச ஸ்தாயியில் பாடுவோர் கத்தாமல் பேசுவதுபோல் பாட அது இடம் தருகிறது. திரும்பப் பாடும் பகுதியில் பாடகர் தம் கற்பனையால் சங்கதிகள் சேர்ப்பதும் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. நம் கச்சேரி ரசிகருக்கு இதன் நியாயத்தை விளக்கவேண்டியதில்லை.

பழைய முறைதான் ஒரே முறை என்று வாதிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஹாண்டலே ஆண்டுக்காண்டு, கிடைத்த பாடகருக்கேற்பப் பாடல்களை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆனால் முதன்முதலாக மேசியாவைக் கேட்கப் புகும் தமிழ் அன்பர்கள், பெருங்கோஷ்டியில் தொடங்காமல், இருபது முப்பது குரல்களும் நரம்புக் கருவிகளும் சேர்ந்த சிறிய குழுவில் தொடங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். மூன்று பகுதிகளையும், சுமார் இரண்டரை மணி நேரம், ஒரே அமர்வில், ‘அல்லேலூயா’வோடு எழுந்துவிடாமல் கடைசி ஆமென் வரையில் கேளுங்கள். ஹாண்டல் குழந்தைகளுக்கு எழுதிவைத்த பிரதியும் ஏடுகளும் லண்டன் பவுண்ட்லிங் மியூசியத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அந்நகரம் செல்ல வாய்க்கும் ரசிகர்கள் அவற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.