வட்டுக்கோட்டை செமினரியும் கிராமப் பள்ளி ஆசிரியரும்

யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் வட்டுக்கோட்டை செமினரியை ஆங்கிலக் கல்வியின் ஊற்றாகவும் அறிஞர் சிலரை ஈந்த நிலையமாகவுமே பெரிதும் போற்றுவர். கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் பணியும் அதற்கு இருந்தது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. சிறுவர்க்கு எழுத்தறிவிப்பவருக்கு எவ்வளவு கல்வி வேண்டும்? இவ்வினாவுக்கு அந்நிறுவனம் அளித்த விடையும், 1855இல் அவ்விடை கைவிடப்பட்டமையும் ஈண்டு நோக்கற்பாலன.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இங்கு கல்வி இல்லாதிருக்கவில்லை. சட்டம்பியார் தமது திண்ணையிலே பிள்ளைகளை இருத்தி, மணலில் எழுதுவித்து, பின் ஏட்டுக்குப் பழக்கி, நீதிநூல்களையும் நிகண்டையும் மனனஞ் செய்வித்து வந்தார். மிசனரிமார் கிராமங்களில் இலவசப் பாடசாலைகளைத் திறந்தபோது கற்பிக்கக் கிறிஸ்தவர் போதாமையால் சைவர்களையே ஆசிரியராக அமர்த்த நேர்ந்தது. மதத்தைப் பரப்புதற்கென எழுந்த பாடசாலையில் அம்மதத்தை ஏற்காதவரே கற்பிக்க வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்க மிசனுக்குத் தன் சொந்த ஆசிரியர் தேவைப்பட்டனர்.

1823இல் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கப்பெற்றது. தமிழ் இளைஞர்க்குரிய உயர்கல்லூரி ஒன்றை நிறுவுவதே மிசனரிமாரின் திட்டம். அக்காலப் பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கருக்கு அவ்வுரிமையை வழங்கவில்லை. எனவே செமினரி என்ற பெயரே நிலைத்தது. எனினும் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், தருக்கம், இயற்கை விஞ்ஞானம் ஆகியன அங்கு கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1850இல் வெளியிட்ட தமது நூலில், அதன் கல்வித்தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டுரைத்தார்.

இங்ஙனம் பயின்றோரில் ஒரு பகுதியினர் மிசன் பாடசாலைகளில் ஆசிரியராயினர். கற்பிக்கும் முறையை மட்டும் அறிந்த ஒருவரையன்று, பரந்த அறிவுடைய ஒருவரையே கிராமத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்ற கருத்து இவ்வேற்பாட்டின் உட்கிடையாகும். சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. செமினரியிற் கற்றுத் தேறிய அவர் 1852இல் கோப்பாயில் ஆசிரியப் பணியை ஏற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவரான விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவரே.

இக்கல்விக்கு ஒரு விலையும் இருந்தது. மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கற்ற கல்வியோடு மதமாற்றமும் எதிர்பார்க்கப்பட்டது. அறிவை விரும்பியோர் மனச்சான்றோடு போராட வேண்டியிருந்தது. கிறிஸ்தவராயிருந்த தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை, கல்வியை அளித்தவரின் நோக்கத்தைக் கடந்தும் கல்வி தொழிற்படும் என்பதைக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எழுதியமையும் இவ்வாறே கொள்ளத்தக்கது.

1855இல் அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு வந்தது. ஆங்கிலம் கற்றோர் கிராமத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர். மிசனின் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. பின்னர் மிசன் தன் ஆசிரியரைத் தமிழ் மூலமாகச் சுருங்கிய பாடத்திட்டத்தில் பயிற்றலாயிற்று. 1872இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கெனத் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரி, கிராம ஆசிரியரின் பயிற்சிக்கென எழுந்ததன்று.

அண்டர்சன் கூறியது முற்றிலும் பொய்யன்று. தாய்மொழியிற் கற்பித்தல் வேண்டும் என்பதும், கற்றோர் பலர் உத்தியோகத்தை நாடினர் என்பதும் உண்மைகளே. ஆயின் தமிழிற் கற்பிப்பவருக்குக் குறைந்த கல்வி போதும் என்ற முடிவு இவ்வுண்மைகளிலிருந்து பிறப்பதன்று. வானியலையும் தருக்கத்தையும் தமிழிலேயே அவருக்குக் கற்பித்திருக்கலாம். உத்தியோகம் தரும் ஊதியத்தையும் மதிப்பையும் பாடசாலையிலும் அளித்திருக்கலாம். இவ்விரு வழிகளையும் விடுத்து, ஆசிரியரின் அறிவெல்லையைக் குறுக்கியதே 1855இன் தவறு. உயர்கல்வி ஒருபுறமும் ஆரம்ப ஆசிரியப் பயிற்சி மறுபுறமுமாகப் பிரிந்த பின்னர், சிறுவரின் ஆசிரியர் தாழ்ந்த படியிலே நிற்பவராகக் கருதப்படலாயினர்.

வட்டுக்கோட்டையில் கனவு கண்ட உயர்கல்வி நிலையம் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் என்னும் வடிவிற் கிட்டியது. அதன் விஞ்ஞானபீடம் வட்டுக்கோட்டையிலேயே தொடங்கியது. ஆயின் 1823இன் திட்டத்தில் பல்கலைக்கழகக் கல்வியும் கிராமப் பாடசாலையும் ஒன்றையொன்று வேண்டி நின்றன. முதலாம் வகுப்பின் ஆசிரியருக்கும் பரந்த கல்வி உரியது என்பதை ஏற்குங் காலத்திலேயே அத்திட்டத்தின் எஞ்சிய பகுதி நிறைவேறும்.