18 வயசு முடிஞ்சா இல்லத்தை விட்டு வெளியேறணும்.. அதுக்கப்புறம் யார் பொறுப்பு?

நம்ம வீட்டுப் பிள்ளைக்கு 18 வயசு ஆனால் யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. ஆனால் குழந்தைகள் இல்லத்தில் வளர்பவர்கள் அந்த வயதோடு வெளியேற வேண்டும். அதன்பிறகு கைகொடுக்கும் ஏற்பாடுதான் ‘ஆஃப்டர் கேர்’ எனப்படும் பிற்காப்பு.

யாருக்குக் கிடைக்கும்?
இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 46-வது பிரிவுப்படி, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு. 21 வயது வரை உதவி உண்டு. சிறப்புச் சூழலில் 23 வரை நீட்டிக்கலாம்.

என்னென்ன கிடைக்கும்?
மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000. 2016 மாதிரி விதிகளில் 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்கும் வீடு, படிப்புக்கு உதவித்தொகை, தொழிற்பயிற்சி, ஆலோசகர் ஆகியவையும் உள்ளன.

தானாக வந்துடுமா?
வராது. இங்கதான் சிக்கலே. நிதியுதவி ‘வழங்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்றில்லை. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களை அந்தப் பிரிவு தனியாகக் குறிப்பிடவும் இல்லை. அதனால் கேட்டால்தான் வழி பிறக்கும்.

என்ன செய்யணும்?
18 முடியும் முன்பே இல்லப் பொறுப்பாளரிடம் பேசுங்க. திருவிடந்தை, மாமல்லபுரம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஆதார், வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் வாங்கிக்கொண்டே கிளம்புங்க.

ஏற்கெனவே வெளியே வந்துட்டீங்களா? 21 வயது ஆகலைன்னா இப்பவும் கேட்கலாம்.