எடுக்க முடியாத பணம்

2010 அக்டோபரில் ஈரானியக் குடும்பங்களின் வங்கிக் கணக்குகளில் பணம் வந்து விழ ஆரம்பித்தது. பார்க்கலாம், எடுக்க முடியாது. பெட்ரோல் விலை ஏறும் நாளில்தான் பூட்டு திறக்கும் என்றது அரசு. மானிய ஒழிப்பின் வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனையை நான் படித்ததில்லை.

அப்போது அங்கே லிட்டர் பெட்ரோல் 1,000 ரியால், சுமார் 10 அமெரிக்க சென்ட். டீசல் 165 ரியால்தான். தண்ணீர் பாட்டில் இதைவிட விலை அதிகம். இரண்டு கார் நிற்கும் வீட்டுக்கு மானியம் டேங்க் டேங்காகப் போகும். கார் இல்லாத வீட்டுக்கு? மிச்ச எண்ணெய் எல்லை தாண்டி பாகிஸ்தானுக்குக் கடத்தப்பட்டது.

டிசம்பர் 18 இரவு அதிபர் அகமதிநெஜாத் தொலைக்காட்சியில் தோன்றினார். மறுநாளே பெட்ரோல் 4,000 ரியால். மாத ஒதுக்கீட்டுக்கு மேல் போட்டால் 7,000. டீசல் ஒன்பது மடங்கு. ரொட்டி, மின்சாரம் எல்லாம் ஏறின. 2007ல் வெறும் ரேஷன் அறிவிப்புக்கே தெஹ்ரானில் பெட்ரோல் பங்க்குகள் எரிந்தன. இந்தத் தடவை தெரு அமைதியாக இருந்தது. கையில் காசு இருந்ததே!

ஆளுக்கு மாதம் 455,000 ரியால், அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். ஏழைகளுக்கு மட்டும் என்றுதான் முதலில் திட்டம். யார் ஏழை என்று பிரிக்கப்போய் ஒரே கூச்சல். கடைசியில் விண்ணப்பித்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஐந்து பேர் இருக்கிற கிராமத்து வீட்டுக்கு அது பெரிய பணம். ஏழ்மை குறைந்தது. சும்மா காசு கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. பொருளாதார அறிஞர் ஜவாத் சாலிஹி இஸ்ஃபஹானி சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து தரவுகளைத் தோண்டிப் பார்த்தார். அப்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை.

சரி, எங்கே கோட்டை விட்டார்கள்? விலையேற்றத்தில் வந்த வருமானம் விநியோகத்துக்கே போதவில்லை. ஆலைகளுக்குச் சட்டம் ஒதுக்கிய 30 சதவீதம் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. அவை ஏறிய எரிபொருள் செலவைப் பொருளின் விலையில் ஏற்றின. 2012ல் பொருளாதாரத் தடைகள் இறுகின, ரியால் விழுந்தது, விலைவாசி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டி ஏறியது. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நின்றது அந்த 455,000 மட்டும்தான். 2019ல் வெளிச்சந்தைக் கணக்குப்படி அது சுமார் 4 டாலர்.

2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. நள்ளிரவில் பெட்ரோல் விலையை 10,000 ரியாலிலிருந்து 15,000 ஆக்கினார்கள். 60 லிட்டருக்கு மேல் 30,000. 2010ன் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது. ஆனால் இம்முறை முன்கூட்டிக் கணக்கில் எதுவும் விழவில்லை. பணம் பிறகு வரும் என்றார்கள். யார் நம்புவது? ஊர் ஊராகப் பற்றி எரிந்தது. இணையத்தைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் துண்டித்தார்கள். பாதுகாப்புப் படைகள் சுட்டதில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது ஆம்னெஸ்டியின் கணக்கு.

விலை ஏறியது தனக்கே வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரியும் என்று அதிபர் ரூஹானி சில நாள் கழித்துச் சொன்னார், சிரித்தபடி.