ஒரே கடல், இரு கரை, இரு விலை: மன்னார் வளைகுடா முத்துச்சலாபங்களில் உற்பத்தியாளர் விலை ஒப்பீடு (1860–1907)

ஆய்வுச்சுருக்கம்

அண்டை நாடுகளின் உற்பத்தியாளர் விலைகளை ஒப்பிடும் முறை இன்றைய புள்ளியியலுக்கு மட்டும் உரியதன்று. மன்னார் வளைகுடாவின் மேற்கே தூத்துக்குடியிலும் கிழக்கே இலங்கையின் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறைப் பகுதியிலும் நடைபெற்ற முத்துச்சலாபங்களில், ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு எனப் பதிவான ஏலவிலை அத்தகைய ஒப்பீட்டுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. அவ்விலை யாருடைய கைக்குச் சென்ற விலை என்னும் வினாவுக்கு விடை காணாமல் இரு கரைகளையும் ஒப்பிட இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

முக்கியச்சொற்கள்: தூத்துக்குடி, முத்துச்சலாபம், உற்பத்தியாளர் விலை, ஏலம், குளியாளர், பங்கு, சங்கு.

முன்னுரை

ஒரு பொருளை உருவாக்குபவர் அதன் முதல் விற்பனையில் பெறும் விலையே உற்பத்தியாளர் விலை எனப்படும். பொருள் பின்னர் செல்லும் தொலைவுக்கான போக்குவரத்துச் செலவும், இடைவணிகரின் ஆதாயமும், வாங்குவோர் செலுத்தும் வரியும் அதில் அடங்கா. இரு நாடுகளின் உற்பத்தியாளர் விலைகளை ஒப்பிட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பொருளும் அதன் தரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விலையைக் குறிக்கும் பணம் ஒன்றாகவோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத்தக்கதாகவோ இருத்தல் வேண்டும். விலையைப் பெறுபவர் இரு நாட்டிலும் ஒரே நிலையினராக இருத்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடா, சென்னை மாகாண அரசு, இலங்கை அரசு ஆகிய இரண்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1658-இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர் இரு கரைச் சலாபங்களையும் ஒருங்கே ஆண்டனர். இலங்கை 1802-இல் ஆங்கிலேய முடியாட்சிக்குரிய தனிக் குடியேற்ற நாடானபின், ஒரே வளைகுடாவின் முத்துக்கு இரண்டு விற்பனையாளர்கள் உருவாயினர். சிப்பி இனம் ஒன்று. குளிப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தினர். விற்கும் அரசுகள் மட்டும் இரண்டு. விலை ஒப்பீட்டுக்கு இதனினும் தெளிவான களம் அரிது எனத் தோன்றும். மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் அத்தெளிவு எவ்வளவு உண்மையானது என்பது புலப்படும்.

ஒப்பீட்டுக்குத் துணை செய்யும் பொதுமைகள்

முதலாவது பொதுமை பணம். 1872 முதல் இலங்கையிலும் ரூபாயே கணக்குப் பணமாயிற்று. இலங்கை ரூபாயைச் சதங்களாகப் பிரித்தது. சென்னை மாகாணம் அணாவாகப் பிரித்தது. ஆயினும் முழு ரூபாய் இரு கரையிலும் ஒன்றே. 1872-க்கு முற்பட்ட இலங்கைக் கணக்குகள் பவுனில் அமைந்தவை. அக்காலத்தில் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். அதாவது பவுனுக்குப் பத்து ரூபாய். வெள்ளியின் வீழ்ச்சிக்குப் பின் அது ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் அளவில், அதாவது பவுனுக்குப் பதினைந்து ரூபாயாக நிலைபெற்றது. எனவே 1860-ஆம் ஆண்டு விலையை 1900-ஆம் ஆண்டு விலையோடு ஒப்பிடுவோர் எந்தப் பணத்தில் ஒப்பிடுகின்றனர் என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ரூபாயில் உயர்ந்த விலை பவுனில் உயராமல் இருந்திருக்கக்கூடும்.

இரண்டாவது பொதுமை அளவை. இரு கரையிலும் முத்துகள் இருபது துளை கொண்ட சல்லடை தொடங்கி ஆயிரம் துளை கொண்டது வரையிலான பத்துச் சல்லடைகளால் தரம் பிரிக்கப்பட்டன. எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் கணக்கிடப்பட்டது. சிறந்த முத்துகளின் மதிப்பு செவ்வு என்னும் அலகால் அளவிடப்பட்டது. எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது செவ்வுக் கணக்கின் அடிப்படை. ஆகவே ஒரு முத்தின் எடை இருமடங்கானால் அதன் செவ்வு நான்கு மடங்காகும்.

மூன்றாவது பொதுமை வாங்குவோர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம் வணிகர்களும் இரு கரை ஏலங்களிலும் பங்கேற்றனர். முத்துகளில் பெரும்பகுதி பம்பாய்ச் சந்தைக்குச் சென்றது. அங்கிருந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றது. இறுதிச் சந்தை ஒன்றாதலால், ஒரு கரையின் விலை மற்றொரு கரையின் விலையிலிருந்து நெடுங்காலம் விலகி நிற்க இடமில்லை.

தரமும் காலமும்: முதல் தடை

ஏலத்தில் விற்கப்பட்டது முத்தன்று; திறக்கப்படாத சிப்பி. அதனுள் முத்து உண்டா, எத்தனை, எவ்வளவு பெரிது என்பவற்றை வாங்குபவர் அறியார். சலாபத்துக்கு முன் சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவைத்துக் கழுவப்பட்டு, கிடைத்த முத்துகள் மதிப்பிடப்பட்டன. அம்மதிப்பே ஏலத்துக்கு வழிகாட்டி. சிப்பியின் வயது கூடுந்தோறும் முத்தின் அளவும் கூடும். செவ்வுக் கணக்கின்படி அளவின் சிறு உயர்வும் மதிப்பில் பேருயர்வைத் தரும். ஆதலால் நான்கு வயதுச் சிப்பி ஆயிரமும் ஆறு வயதுச் சிப்பி ஆயிரமும் ஒரே பொருளல்ல. இன்றைய விலைக் குறியீட்டெண்களில் தர வேறுபாட்டை நீக்கிய பின்னரே விலைமாற்றம் கணிக்கப்படுகிறது. சலாபப் பதிவுகளில் அத்தகைய திருத்தம் இல்லை.

காலமும் ஒத்துவரவில்லை. தூத்துக்குடியில் 1830-க்குப் பின் முப்பது ஆண்டு இடைவெளி விட்டு 1860, 1861, 1862 ஆகிய ஆண்டுகளில் சலாபம் நடந்தது. அடுத்தது 1889-இல்தான். பின்னர் 1890-இலும் 1900-இலும் நடந்தது. இலங்கையிலோ 1887 முதல் 1891 வரை தொடர்ந்து நடந்து, அதன்பின் 1903 வரை பார்கள் வெறுமையாயிருந்தன. இரு கரையும் ஒருசேரச் சிப்பி தந்த ஆண்டுகள் சிலவே. எட்கர் தர்ஸ்டன் இரு சலாபங்களையும் பார்வையிட்டு எழுதிய 1889 அத்தகைய ஆண்டு. தொடர்ச்சியான குறியீட்டெண்ணை அமைப்பதைக் காட்டிலும், இத்தகைய இணையாண்டுகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவதே சலாப வரலாற்றுக்குப் பொருந்தும் முறையாகும்.

யார் பெற்ற விலை: இரண்டாம் தடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்த மூன்று சலாபங்களின் பதிவுகள் வருமாறு:

1903: சிப்பிகள் ஏறத்தாழ 4.1 கோடி, அரசு வருவாய் ஏறத்தாழ 8.3 லட்சம் ரூபாய்.
1904: சிப்பிகள் ஏறத்தாழ 4.1 கோடி, அரசு வருவாய் ஏறத்தாழ 10.7 லட்சம் ரூபாய்.
1905: சிப்பிகள் ஏறத்தாழ 8.2 கோடி, அரசு வருவாய் ஏறத்தாழ 25.1 லட்சம் ரூபாய்.

வருவாயை மொத்தச் சிப்பிகளால் வகுத்தால் ஆயிரத்துக்கு முறையே 20, 26, 31 ரூபாய் கிடைக்கும். ஆனால் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கு உரியது. அரசு ஏலமிட்டது மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே. அப்பங்கால் வகுத்தால் விலை முறையே 30, 39, 46 ரூபாய் என ஆகிறது. ஒரே பதிவு, ஒரே ஆண்டு, விலையோ இரண்டு. ஒரு கரைக்கு முதல் வாய்பாட்டையும் மறுகரைக்கு இரண்டாம் வாய்பாட்டையும் பயன்படுத்தினால், உண்மையில் இல்லாத ஐம்பது விழுக்காட்டு விலை வேறுபாடு தோன்றிவிடும்.

பங்கு மாறாதவரை ஒரு கரையின் காலப்போக்கு இதனால் திரிபடையாது. இரு வாய்பாட்டிலும் 1903-க்கும் 1905-க்கும் இடைப்பட்ட உயர்வு ஏறத்தாழ ஐம்பது விழுக்காடே. ஆனால் இலங்கையில் குளியாளர் பங்கு முன்னர் நான்கில் ஒன்றாக இருந்து பின்னர் மூன்றில் ஒன்றாயிற்று. அதனால் அரசின் பங்கு முக்காலிலிருந்து மூன்றில் இரண்டாகக் குறைந்தது. சந்தை விலை சிறிதும் மாறாதிருப்பினும், மொத்தச் சிப்பியால் வகுத்த விலை இம்மாற்றத்தால் மட்டும் பதினொரு விழுக்காடு வீழ்ந்ததாகக் காட்டும். குளியாளருக்குக் கிடைத்த உயர்வு, கணக்கில் விலைவீழ்ச்சியாக உருமாறுகிறது.

இங்கு அடிப்படை வினா எழுகிறது. கல்லைக் காலில் கட்டி ஆழ்கடலில் இறங்கிச் சிப்பியை வாரியவர் குளியாளர். பாருக்கு உரிமை கொண்டாடி ஏலமிட்டது அரசு. ஏலவிலை என்பது உரிமையாளர் பெற்ற வருவாயே. குளியாளர் தம் பங்கைத் துணையாளோடும் படகுக்காரரோடும் பிரித்துக்கொண்டு, எண்ணும் கொட்டகைக்கு வெளியே சிறுசிறு தொகுதிகளாக விற்றனர். உற்பத்தியாளர் விலை என்னும் சொல்லுக்கு நேர்பொருள் கொண்டால், அவ்விற்பனையின் விலையே அது. அரசின் பேரேடுகளில் ஏலவிலை நாள்தோறும் பதிவானது. குளியாளரின் விலை அவ்வாறு முறையாகப் பதிவாகவில்லை.

சங்கு தரும் ஒளி

தூத்துக்குடிச் சங்குகுளிப்பு இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகிறது. இரு கரைச் சங்குகளும் வங்காளத்து வளையல் தொழிலுக்கே பெரிதும் சென்றன. தூத்துக்குடியில் சங்கு அரசின் ஏகபோகம். குளியாளருக்கு ஆயிரம் சங்குக்கு இவ்வளவு என முன்னரே உறுதிசெய்த தொகை வழங்கப்பட்டது. சங்கை அரசு வணிகருக்கு விற்றது. ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது. இம்முறையில் கல்கத்தாவில் விலை ஏறினும் அவ்வேற்றம் தானாகக் குளியாளரைச் சென்றடையாது. முத்தில் பொருளாகப் பங்கு பெற்ற அதே குளியாளர், சங்கில் கூலி பெற்றவராகிறார். ஒரே கரையில், ஒரே மனிதருக்கு, பொருளுக்குப் பொருள் உற்பத்தியாளர் விலையின் இலக்கணம் மாறுபட்டது.

உயர்விலையின் விளைவு

1903 முதல் 1905 வரை சிப்பி எண்ணிக்கை இருமடங்காகியும் விலை உயர்ந்தது. அவ்வுயர்வின் பின்னணியில் இலங்கை அரசு 1906 முதல் இருபது ஆண்டுகளுக்குப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1906-இலும் 1907-இலும் சலாபம் நடந்தது; பின்னர் 1925 வரை இலங்கைப் பார்கள் விளையவில்லை. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி கலைந்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்னும் விலை, அடுத்த ஆண்டு ஆயிரம் சிப்பியேனும் கிடைக்குமா என்பதைச் சொல்லாது என்பதற்கு இதுவே சான்று. இலங்கைப் பருவத்தை நம்பித் தோணியேறிய தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாளர்களுக்கு, விலையேற்றத்தின் உச்சம் அப்பிழைப்பின் நெடுங்கால நிறுத்தத்துக்கு முன்னோடியாக அமைந்தது.

முடிவுரை

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் இரு தனிச்சந்தைகளாகக் கொள்வதைவிட, இரு உரிமையாளர்களைக் கொண்ட ஒரே சந்தையாகக் கொள்வதே பொருந்தும். அவற்றுக்கிடையே காணப்படும் விலை வேறுபாட்டில் பெரும்பகுதி சிப்பியின் வயதையும் பங்கு விதியையும் வகுத்தல் முறையையும் காட்டுவதே அன்றி, நாடுகளின் பொருளாதார வேறுபாட்டைக் காட்டுவதன்று. எனவே சலாப விலைகளைப் பயன்படுத்தும் ஆய்வுகள் இணையாண்டுகளையே ஒப்பிடுதல் வேண்டும். வகுத்த எண்ணை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். அரசு பெற்ற விலையையும் குளியாளர் பெற்ற விலையையும் தனித்தனியே பெயரிடுதல் வேண்டும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பின் இயற்கை முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. எஞ்சியிருப்பவை ஏலப் பேரேடுகளே. அவற்றிலுள்ள விலையை உழைத்தவரின் விலையாக வாசித்தால், ஏட்டில் இடம்பெறாத குளியாளர் வரலாற்றிலும் இடம்பெறாது போவார்.