நிக்கல் பரப்பில் ஆக்சிஜன் எவ்வளவு? ஷு–ஃப்ரோமென்ட் சமன்பாட்டின் நீர் உறுப்பு குறித்து

ஷுவும் ஃப்ரோமென்டும் 1989இல் வெளியிட்ட வேகச் சமன்பாடுதான் மீத்தேன்–நீராவி உலைகளின் கணினி மாதிரிகளுக்கு இன்றும் அடித்தளம். அதன் எண்களை எடுத்தாள்வதில் எனக்கு மறுப்பில்லை. அவற்றுக்குக் கற்பிக்கப்படும் பொருளில்தான் மறுப்பு. சமன்பாட்டின் பகுதியில் ஒரு நீர் உறுப்பு வருகிறது. நிக்கல் பரப்பை ஆக்சிஜன் எந்த அளவு மூடியிருக்கிறது என்பதை அந்த உறுப்பு நேரடியாகச் சொல்வதாக வாசிக்கும் போக்கு வேரூன்றிவிட்டது. நீராவி மிகும்போது வினை தளர்வது, வினையூக்கியில் கரி படியாதது எனப் பலவற்றுக்கும் இந்த ஆக்சிஜன் போர்வையே காரணமாகக் காட்டப்படுகிறது. அந்த வாசிப்பு நிற்காது என்றே கருதுகிறேன்.

நீர் உறுப்பு என்பது ஒரு மாறிலியை நீராவி, ஹைட்ரஜன் ஆகியவற்றின் பகுதி அழுத்த விகிதத்தால் பெருக்கியது. அம்மாறிலியின் முன்காரணி 1.77 லட்சம், என்தால்பி மோலுக்கு +88.68 கிலோஜூல். பரப்புக்கவர்ச்சி வெப்பத்தை உமிழ வேண்டியிருக்க, இது உறிஞ்சுகிறதே என்ற கேள்வி பழையது. நீர் மூலக்கூறு பிளந்து, ஆக்சிஜன் பரப்பில் தங்கி, ஹைட்ரஜன் வெளியேறுவதால் மொத்த நிகழ்வு வெப்பங்கொள்வதாக இருக்கலாம் என்ற பதிலும் பழையதே. பதிலின் தர்க்கம் சரி, அளவுதான் இடிக்கிறது. நிக்கல் நீராவியோடு வினைபுரிந்து நிக்கல் ஆக்சைடும் ஹைட்ரஜனும் தரும் வினைக்கு மோலுக்குச் சுமார் 2 கிலோஜூல்தான் தேவை. பரப்பில் ஒட்டும் ஆக்சிஜனின் பிணைப்பு ஆக்சைடில் உள்ளதைவிட இத்தனை வலுக்குறைந்தது என்று கொள்ள ஆதாரமில்லை.

என்தால்பியை மட்டும் வைத்து வழக்காடினால் தாங்கியின் பங்கு, பரப்பின் சீரின்மை என்று ஏதாவது ஒரு வழி திறந்தே இருக்கும். என்ட்ரோபியில் அந்த வழி அடைபடுகிறது. உறுப்பில் இருப்பது இரு அழுத்தங்களின் விகிதம். எனவே மாறிலிக்கு அலகு இல்லை. திட்டநிலையை மாற்றிக்கொண்டு தப்பவும் இயலாது. 1.77 லட்சத்தின் இயல் மடக்கையை வாயு மாறிலியால் பெருக்கினால் கெல்வினுக்கு, மோலுக்கு +100 ஜூல் கிடைக்கிறது. 800 கெல்வினில் நீராவி ஹைட்ரஜனாக மாறும்போது வாயு நிலையில் மட்டும் 64 ஜூல் குறைகிறது. அதையும் ஈடுசெய்து 100 மிஞ்ச வேண்டுமானால், பரப்பில் பிணைந்த ஓர் ஆக்சிஜன் அணுவின் என்ட்ரோபி 165ஐ ஒட்டி இருந்தாக வேண்டும். அதே வெப்பநிலையில், தடையின்றித் திரியும் ஹைட்ரஜன் வாயுவின் என்ட்ரோபியே 160தான். உலோகத்தோடு பிணைந்து அதிர மட்டுமே முடிந்த அணுவுக்குச் சில பத்து ஜூல்களுக்கு மேல் வர வழியில்லை. ஆகவே இந்த மாறிலி விவரிப்பது எதுவானாலும், பரப்பு ஆக்சிஜனின் சமநிலை அன்று.

அப்படியானால் 88.68 எங்கிருந்து வந்தது? மறுவுருவாக்க அளவீடுகள் 773 முதல் 848 கெல்வின் வரை, அதாவது 75 பாகை அகலமுள்ள ஒரு சாளரத்தில் எடுக்கப்பட்டவை. அதற்குள் நீர் மாறிலி 0.18இலிருந்து 0.61 வரை ஏறுகிறது. சமன்பாட்டின் முதல் வினையான மீத்தேன்–நீராவி வினையின் கிளர்வு ஆற்றல் 240.1 கிலோஜூல். பகுதி இருபடியில் இருப்பதால், ஆக்சிஜன் மூடிய பங்கின் இருமடங்கை 88.68ஆல் பெருக்கிக் கழித்தால்தான் தோற்றக் கிளர்வு ஆற்றல் கிட்டும். இரு எண்களும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்பது என் ஊகம். மூல அளவீடுகளை மறுபடி பொருத்திப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்வது முறையன்று.

ஆனால் ஊகத்தைச் சாராத சோதனை ஒன்று உண்டு. வெய்யும் இக்லேசியாவும் 2004இல் நிக்கல் மீது கண்டது: வினைவேகம் மீத்தேனுக்கு முதற்படி, நீராவிக்குச் சுழிப்படி, கிளர்வு ஆற்றல் ஏறத்தாழ 100 கிலோஜூல். 1989ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் நீராவியின் படி சுழியாக வேண்டுமானால் பரப்பில் பாதியை ஆக்சிஜன் மூடியிருக்க வேண்டும். அப்போது கிளர்வு ஆற்றல் 151. அதை 100க்கு இறக்க வேண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கு மூடப்பட வேண்டும். அப்போது நீராவியின் படி −0.6க்குச் சரிகிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் ஆக்சிஜன் அளவு எதுவுமில்லை. மீத்தேன், கார்பன் மோனாக்சைடு உறுப்புகளைச் சேர்த்தால் இடைவெளி கூடுமேயன்றிக் குறையாது.

வெப்பநிலை வேறு, தாங்கி வேறு என்று சொல்லலாம். 500 பாகை செல்சியஸை ஒட்டி வேகத்தைக் கட்டுப்படுத்தும் படிநிலை மாறக்கூடும் என்பதை ஏற்கிறேன். கார்பனும் ஆக்சிஜனும் இணையும் படிநிலை அங்கே முக்கியமாகலாம். ஆனால் அது சமன்பாட்டைத் தன் சாளரத்துக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லும் வாதம். தொழிற்சாலைக் குழாய்களின் வெளிவாய் 800 பாகைக்கு மேல். 1100 கெல்வினுக்கு நீட்டினால் மாறிலி 11ஐ நெருங்குகிறது. நீராவியும் ஹைட்ரஜனும் சமமாக உள்ள இடத்தில், பரப்பில் முக்கால்வாசிக்கு மேல் ஆக்சிஜன் என்று மாதிரி அறிவிக்கும். அந்த வெப்பநிலையில் நிக்கல் ஆக்சைடாக மாறுவதற்கே ஹைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கு மேல் நீராவி வேண்டும்.

வினையூக்கி வில்லைக்குள் நிகழும் விரவல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, உள்ளார்ந்த வேகம் பொருட்டல்ல என்ற மறுப்பில் எனக்கு மதிப்பில்லை. விரவல் ஆளும்போதும் வேக மாறிலி இருபடி மூலமாக உள்ளே நுழைகிறது. சவ்வு உலைகளிலும், சுவரில் மெல்லிய பூச்சாக வினையூக்கி பூசிய உலைகளிலும் அந்தத் திரையும் விலகிவிடுகிறது.

தீர்வு ஆய்வகத்துக்கு எட்டாததன்று. 650 பாகையில், சமநிலைக்கு வெகு தொலைவில், நுண்துகளாக்கிய வினையூக்கியின் மீது மீத்தேன், நீராவி அழுத்தங்களை நிலையாக வைத்து ஊட்டத்தில் ஹைட்ரஜனை மட்டும் மாற்ற வேண்டும். பாதி மூடிய பரப்பு உண்மையானால் ஹைட்ரஜனின் படி −1.5 ஆக இருக்கும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு முறிவதே வேகத்தைக் கட்டுப்படுத்தினால் சுழி.